மஞ்சள் என்றால் இடிக்கப்போவது

மூன்று பவுண்டு கொடுத்து வாங்கிய ஒரு பழைய புத்தகம் செய்த வேலை இது. பஸ் வரப் பதினைந்து நிமிடம் இருந்தது, மழை வேறு. ஒதுங்கத்தான் அந்த சாரிட்டி கடைக்குள் போனேன். போர்க்கால ஓவியங்களின் தொகுப்பு ஒன்று, முதுகு பிய்ந்து, சமையல் புத்தகங்களுக்கு நடுவில் செருகியிருந்தது. நின்றபடியே புரட்டினால் எங்கள் ஊர், இங்கிலாந்தின் பாத். ஜான் பைப்பர் 1942-ல் வரைந்த 'சாமர்செட் பிளேஸ், பாத்'. நீர்வண்ணமும் மையும் கலந்து வரைந்த படம். கரியைக் கரைத்து ஊற்றியதுபோல் வானம். அதற்குக் கீழே, பிறையாக வளைந்துபோகும் பழைய மாளிகை வரிசை தேன் மஞ்சளில் ஒளிர்கிறது. ஜன்னல்கள் இருந்த இடமெல்லாம் கறுப்பு. குண்டு விழுந்து, உள்ளே இருந்ததெல்லாம் எரிந்து முடிந்து, முகப்பு மட்டும் நிற்கிறது. அழகு என்றால் அப்படியொரு அழகு. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஈரம் துவட்டிக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் கோபம் வந்தது. படத்தில் ஒரு ஆள்கூட இல்லை. 1942 ஏப்ரல் 25, சனிக்கிழமை இரவு ஜெர்மன் விமானங்கள் வந்தபோது, வழக்கம்போல பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் போகின்றன என்றுதான் பாத் மக்கள் நினைத்தார்கள். அந்த இரவில் இரண்டு தடவை, மறுநாள் இரவு இன்னொரு தடவை. ஏறத்தாழ 19,000 கட்டடங்களுக்குச் சேதம், 417 பேர் சாவு. போர்க்கால ஓவியர் குழு பைப்பரை அனுப்பி வைத்தது ஒரு வாரம் கழித்து. அவர் என்ன செய்தார்? நகரத்தின் வடக்கு மேட்டில் ஏறி, பணக்காரர்களுக்கென்று 18-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய ஒரு வரிசையின் இடிபாட்டை, நாடக மேடைக்கு விளக்குப் போட்டதுபோல் வரைந்தார்.

நான் குடியிருப்பது ஆற்றுக்குத் தெற்கே, ஓல்ட்ஃபீல்ட் பார்க்கில். ரோமானியக் குளம், ஜேன் ஆஸ்டின் என்று சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. (ஊர் பெயரே குளியல். அந்தக் குளத்தில் குளிக்க விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) தொழிலாளிகளுக்கென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். அந்த இரண்டு இரவுகளில் பலத்த அடி வாங்கியவற்றில் எங்கள் ஓல்ட்ஃபீல்ட் பார்க்கும் ஒன்று, ஆற்றோரத்து கிங்ஸ்மீட் இன்னொன்று. எங்கள் தெருவை அப்போது யாராவது வரைந்தார்களா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை. வீட்டுக்கு யார் வந்தாலும் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, "செத்தவங்க கீழே, படம் மேலே" என்று ஆரம்பித்துவிடுவேன். இரண்டாவது தடவை கேட்டவர்கள் டீயை வேகமாகக் குடித்தார்கள்.

விழுவதற்கு முன் வரைந்துவிடு

சண்டை போடுவதென்றால் எதிராளியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா? படிக்கப் படிக்க, பைப்பர் இதற்கு முன்னால் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலை தெரிய வந்தது. போர் தொடங்கியதும், லண்டன் நேஷனல் கேலரியின் இயக்குநராக இருந்த கென்னத் கிளார்க் ஒரு திட்டம் போட்டார். குண்டு விழுந்து போவதற்கு முன், நாட்டின் பழைய தெருக்களையும் தேவாலயங்களையும் சந்தைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து வைத்துவிட வேண்டும். அமெரிக்கக் கோடீசுவரர் எட்வர்ட் ஹார்க்னஸின் பணத்தில் ஏற்பட்ட பில்கிரிம் டிரஸ்ட் செலவை ஏற்றது. 1940 முதல் 1943 வரை 97 ஓவியர்கள் 1,500-க்கு மேற்பட்ட படங்கள் வரைந்தார்கள். 'ரெக்கார்டிங் பிரிட்டன்' என்று பெயர். 1949-ல் மொத்தமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. பைப்பர் அதற்கும் வரைந்தார். பாத்தின் ஓவியப் பள்ளியை நடத்திய கிளிஃபர்ட் எல்லிஸும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

கேமரா இல்லாத காலமா அது? இல்லை. கட்டடங்களைப் புகைப்படம் எடுத்து அடுக்க 1941-ல் தனி அமைப்பே தொடங்கினார்கள். பிறகு எதற்கு நீர்வண்ணம்? வேலையில்லாமல் நின்ற ஓவியர்களுக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்பது ஒரு காரணம். நீர்வண்ணம் என்பது இங்கிலீஷ்காரர்கள் தங்கள் வீட்டுக் கலை என்று கொண்டாடுவது, அது அழிந்துவிடக் கூடாது என்ற கவலை இன்னொன்று. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். பெட்ரோலுக்கு ரேஷன். கடற்கரைப் பக்கம் போகத் தடை. தெருவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வரைந்தால் வேவு பார்க்க வந்தவனோ என்று சந்தேகப்படுவார்கள், ஆகவே சட்டைப்பையில் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு தேசம் உயிருக்குப் போராடுகிற நேரத்தில், "இந்தத் தெருவை வரைய இவருக்கு அனுமதி உண்டு" என்று யாரோ ஒரு குமாஸ்தா முத்திரை குத்திக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன.

அந்தத் திட்டத்தின் படங்களில் பல சாதுவானவை. காலை வெயில், கல் பாலம், கடைப் பலகை. போர் என்பதே தெரியாது. பைப்பருடையவை மட்டும் அப்போதே இருட்டு. ராணியின் விருப்பத்தில் அவர் விண்ட்சர் கோட்டையை வரிசையாக வரைந்தபோது, எல்லாப் படத்திலும் வானம் கறுத்திருப்பதைப் பார்த்த ஆறாம் ஜார்ஜ் மன்னர், 'வானிலை விஷயத்தில் உமக்கு அதிர்ஷ்டமே இல்லையே' என்கிற மாதிரி ஏதோ சொன்னதாக ஒரு கதை உண்டு. நான் மன்னர் கட்சியில்தான் இருந்தேன். இந்த ஆள் வெயிலடித்தாலும் இடி இடிப்பதுபோல்தான் வரைவார் என்று முடிவு கட்டியிருந்தேன். போதாததற்கு, பாத்தில் வரைந்த அந்த வாரத்தையே வெறுத்ததாக நண்பர், கவிஞர் ஜான் பெட்ஜமனுக்கு அவர் எழுதிய கடிதம் கண்ணில் பட்டது. அதில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் இருக்கிறது, எந்த வரிசையில் எத்தனை வீடு எரிந்தது என்ற கணக்கும் இருக்கிறது. கடிதத்தில் கணக்கெடுத்த ஆள் படத்தில் ஏன் அவர்களை விட்டார்? கோபம் குறையவில்லை, குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

நட்சத்திரம் போட்ட ஊர்

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாத்தின் மேல் ஏன் குண்டு போட்டார்கள் என்பது. மார்ச் 28 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் லூபெக் நகரத்தைக் கொளுத்தின. மர வீடுகள் நிறைந்த பழைய ஊர், நன்றாக எரிந்தது. பழிக்குப் பழியாக, பேடேக்கர் என்ற ஜெர்மன் சுற்றுலாக் கையேட்டில் நட்சத்திரம் வாங்கிய இங்கிலீஷ் ஊர்களையெல்லாம் தாக்குவோம் என்று ஜெர்மன் வெளியுறவுத் துறை ஆள் ஒருவர் பேசிவைத்தார். எக்ஸிடர், பாத், நாரிச், யார்க், பிறகு கேன்டர்பரி. அந்தத் தாக்குதல்களுக்கே பேடேக்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பேடேக்கரின் லைப்சிக் அலுவலகம் 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் குண்டில் எரிந்துபோனது.

எது அருமையானது என்று சுற்றுலாக்காரனுக்குச் சொல்லப் போட்ட பட்டியல், எதை அழித்தால் அதிகம் வலிக்கும் என்று எதிரிக்கும் சொல்லிவிடுகிறது. கிளார்க்கின் ஓவியர்கள் கையில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே பட்டியல்தானே என்று எனக்குத் தோன்றியது. சுற்றுலாக்காரன், விமானி, ஓவியன் மூன்று பேரும் ஒரே தெருவைத் தேடி வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு எந்தக் கையேட்டிலும் நட்சத்திரம் கிடையாது. குண்டு மட்டும் வந்தது.

அப்பா வந்தார்

போன கோடையில் அப்பா ஆறு மாத விசாவில் வந்தார். திருச்சியில் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஏரி மதகு, தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடக் கழிப்பறை என்று முப்பத்து நாலு வருடம் கோடு போட்டவர். வந்த மறுநாள் காலை வாக்கிங் போய்விட்டு வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க வரிசையில பதினோராவது வீடு மட்டும் வேற வயசும்மா."

நாலு வருடமாக அந்த வீட்டைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மற்ற வீடுகளில் கல் வரிசை ஒரே மட்டத்தில் ஓடுகிறது. அந்த வீட்டுக்கு வந்ததும் ஒரு விரற்கடை ஏறி, அடுத்த வீட்டில் மறுபடி பழைய மட்டத்துக்கு இறங்குகிறது. ஜன்னல் கட்டை ஒரு சாண் உயரம். எல்லா வீட்டு உச்சியிலும் புகைபோக்கி வாய்கள் வரிசையாக நிற்க, இதற்கு ஒன்றே ஒன்று, அதுவும் குட்டை. "பழைய ஆளு ரூமுக்கு ஒரு அடுப்பு வச்சான். இவன் வந்தப்ப அடுப்பு போயிருச்சு. நம்ம சுதந்திரத்துக்கு அப்புறம் கட்டினதா இருக்கும்" என்றார். எதிர் வீட்டுப் பாட்டியிடம் விசாரித்தேன். ஆமாம், அங்கேதான் விழுந்தது, பல வருடம் செடி மண்டிக் கிடந்தது, அப்புறம் கட்டினார்கள் என்றார். மேற்கொண்டு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வெற்றியில் அப்பா உற்சாகமாக இருந்த நேரம் பார்த்து பைப்பர் படத்தை நீட்டினேன். புத்தகத்தில் சின்னதாக இருந்ததால் ஏ4 தாளில் பெரிதாக்கி எடுத்து வைத்திருந்தேன். என் பக்கம் ஒரு சாட்சி சேரட்டும் என்ற எண்ணம்தான். லென்ஸை எடுத்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெகு நேரம் பேச்சில்லை.

"இதுக்கு யாரு ஆர்டர் போட்டா?"

"கவர்ன்மென்ட்தான் அனுப்பிச்சுதுப்பா. ஒரு கமிட்டி."

"வரையறதுக்கு இல்ல. இடிக்கறதுக்கு. மஞ்சள் அடிச்சிருக்கே."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பிளானில் வண்ணம் சும்மா அழகுக்குப் போடுவதில்லை. அவர் குருவாக நினைக்கும் பழைய டிராஃப்ட்ஸ்மேன்கள் செங்கல்லுக்கு கிரிம்சன் லேக், மரத்துக்கு பர்ன்ட் சியன்னா, இரும்புக்கு பிரஷ்யன் புளூ என்று பீங்கான் கிண்ணத்தில் கரைத்து, மயிர் பிரஷால் ஒரே இழுப்பில் பூசுவார்களாம். அவர் காலத்தில் அதெல்லாம் குறைந்து, கட்டட அனுமதி பிளானில் மட்டும் வண்ணம் மிஞ்சியது. புதிதாகக் கட்டப்போவதற்குச் சிவப்பு. இடிக்கப்போவதற்கு மஞ்சள்.

"கல்லே மஞ்சள்தான்பா இந்த ஊர்ல. நீங்கதான் பார்த்தீங்களே."

"கல்லு மஞ்சளா இருக்கட்டும். இப்படி வானம் இருண்டு கிடக்கும்போது கல்லு இவ்வளவு மஞ்சளா தெரியுமா? சாம்பலாத்தான் தெரியும். இவரு வேணும்னே அடிச்சிருக்காரு."

அப்புறம் ஒரு கதை சொன்னார், நான் கேட்டதே இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு பழைய தாலுகா ஆபீஸ். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டுத் தட்டிய கூரை. ஒரு மூலை ஒழுகியது. இருக்கலாம், போகலாம் என்று ஃபைல் ஒரு வருடம் சுற்றியது. கடைசியில் பிளான் இவர் மேசைக்கு வந்தது, மஞ்சள் அடி என்று. "ரெண்டு தடவை பிரஷை நனைச்சுட்டுக் கழுவிட்டேன். மூணாவது தடவை அடிச்சுட்டேன். நான் அடிக்காட்டி பக்கத்து டேபிள்காரன் அடிப்பான்." அந்த ஒரு வருடம் பற்றித்தான் அதிகம் பேசினார். தினமும் அந்தக் கட்டடத்துக்குள் ஆட்கள் பட்டாவுக்கு வந்து நின்றார்கள், குமாஸ்தா விசிறியால் வீசிக்கொண்டார், மரத்தடியில் மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். ஆனால் அது இருக்கிறதா போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது.

லென்ஸை மடக்கிவிட்டு, "இவரு ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே மஞ்சள் அடிச்சுட்டாரு, பாவம்" என்றார்.

இரண்டு வருடமாக நான் அந்தப் படத்தை ஒரு முடிந்த கதையின் படமாகத்தான் பார்த்து வந்திருக்கிறேன். முகப்பு பிழைத்தது, சாமர்செட் பிளேஸ் மறுபடி நிற்கிறது, சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 1942 மே மாதம் அந்தத் தெருவில் ஈரத்தாளோடு நின்றவருக்கு அது தெரியாது. உள்ளே தளம் இல்லை, கூரை இல்லை. வெறும் முகப்புச் சுவர் காற்றில் நிற்கிறது. அந்த நிலையில் நிற்கும் சுவரைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளுவதுதான் பத்திரம். அடுத்த வாரம் இருக்குமா என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் மேடை விளக்கு என்று திட்டிக்கொண்டிருந்த அந்த மஞ்சளில், ஃபைல் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு வருடம் இருக்கிறது. ஆட்கள் ஏன் இல்லை என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு அப்பாவிடமும் பதில் இல்லை. "எங்க பிளான்லயும் ஆள் கிடையாதே" என்றார். அது பதிலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மேட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை லான்ஸ்டவுன் மேட்டுக்கு பஸ்ஸில் போனோம். சாமர்செட் பிளேஸின் நடு வீடுகளுக்கு மேலே வளைவான முகட்டு அலங்காரம் ஒன்று, நடுவில் பிளந்து இடைவெளி விட்டு நிற்கும். "குண்டு பட்ட இடம் பாருங்கப்பா, அப்படியே விட்டு வச்சிருக்காங்க" என்று கையைக் காட்டினேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "உடைஞ்சது இவ்வளவு சுத்தமா உடையுமா? ரெண்டு பக்கமும் அளவு ஒண்ணா இருக்கு. வரைஞ்சவனே அப்படித்தான் வரைஞ்சிருக்கான்." பிறகு படித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. ஜான் ஈவ்லி என்பவர் 1790-ல் தொடங்கியபோதே போட்ட வடிவம். 1793-ல் பாத்தின் வங்கிகள் சரிந்தன, ஈவ்லி திவாலானார், வேலை நின்றது. முழுதாக முடிந்தது அடுத்த நூற்றாண்டில்தான். ஆக, குண்டு விழுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்த வரிசை பாதியில் நின்று, ஆகுமா ஆகாதா என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்பாவுக்கு முகப்பு சீக்கிரம் அலுத்துவிட்டது. பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றார். சந்து கிடைத்து எட்டிப் பார்த்தோம். போருக்குப் பின் முகப்பை வைத்துக்கொண்டு, எரிந்த வீடுகளை மாணவர் விடுதியாகத் திரும்பக் கட்டினார்கள். பல வருடம் கல்லூரிப் பிள்ளைகள் இருந்துவிட்டு, இப்போது மறுபடி குடியிருப்பாகியிருக்கிறது. "முன்னாடி ஒரே கை. பின்னாடி ஆளுக்கொரு கை" என்று சொல்லிக்கொண்டே, எது எந்தக் காலத்துச் சுவர் என்று விரலால் காற்றில் பிரித்துக் காட்டினார். மாடியிலிருந்து ஒரு அம்மாள் எங்களைக் கவனிப்பதைப் பார்த்து நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது கேட்டேன், "அந்தப் படத்தை வச்சு இதைத் திரும்பக் கட்டியிருக்க முடியுமாப்பா?"

"எப்படி முடியும்? அளவே இல்லையே."

"அப்ப அது ரெக்கார்டு இல்லையா?"

யோசித்தார். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் நான் பழைய பாட்டை ஆரம்பித்தேன், எங்கள் தெருவைத்தான் யாரும் வரையவில்லை என்று. "அதுக்குத்தான் பதினோராவது வீடு இருக்கே" என்றார். பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

அப்பா கிளம்பிப் போய் நாலு மாதம் ஆகிறது. அந்த ஏ4 தாளை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். போன வாரம் ஃபிரிட்ஜைத் துடைக்க எடுத்தபோதுதான் கவனித்தேன். வலது கீழ்மூலையில், பிளானில் பெயர்ப்பட்டி வருகிற இடத்தில், ஸ்கேல் வைத்தாற்போன்ற அந்த நிமிர்ந்த எழுத்தில், பென்சிலால் சின்னதாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: என்.டி.எஸ். ஆபீஸ் பாஷையில் நாட் டு ஸ்கேல். கீழே தேதி போட்டு, முப்பத்து நாலு வருடம் போட்ட அதே கையெழுத்து.